பிசிறும் வழவழப்பும்: கடைசி ஐந்து நிமிட வேலை

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் படிப்பு

முன்னுரை

ஆண்டு மலர் என்றால் ராக்கெட், ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய தலைப்புகளில் நண்பர்கள் எழுதுவது வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். வெட்டிய இரும்பின் ஓரத்தில் மயிரிழை போல நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறு. ஒர்க் ஷாப்பில் 'பர்' என்று சொல்கிறோமே, அதேதான்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தென்காசிப் பக்கத்து ஊர்களில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்க அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். நனைத்த இலையின் மேல் ஓர் அளவுத் தகட்டை வைத்து, கத்தரியால் அதைச் சுற்றி வெட்டுவார்கள். முதலாமாண்டில் ஃபிட்டிங் படித்தபோது, கழித்துப் போட்ட ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அம்மாவுக்குப் புதிதாக ஓர் அளவுத் தகடு செய்தேன். வெர்னியர் வைத்துப் பார்த்தேன், அளவு அப்படியே இருந்தது. எங்க வீட்டில் முதல் முதலாகப் படிக்கப் போனவன் செய்த முதல் பொருள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலேஜ் விட்டு வந்தால் அம்மாவின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "எய்யா, அளவு சரியாத்தான் இருக்கு. ஓரந்தான் அறுக்கு" என்றார்கள். தகட்டின் அடியில் நான் எடுக்காமல் விட்ட பிசிறு ஈர இலையைக் கிழித்து, கடைசியில் விரலையும் கிழித்துவிட்டது. விரல் நுனியால் செய்கிற வேலை அது. மூன்று நாள் பீடி சுற்ற முடியவில்லை. அந்த வாரம் கூலி குறைந்தது.

தகட்டை எடுத்துப்போய் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் காட்டினேன். அவர் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சைஸ் பார்த்தே, சரி. ஓரம் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். வைஸில் கட்டி, அரத்தால் ஓரத்தை உடைத்துக் காட்டினார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிட வேலையைப் பற்றி அதன் பிறகு படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பிசிறு எப்படி உண்டாகிறது?

உலோகத்தை வெட்டுவது வெண்டைக்காய் நறுக்குவது போல இல்லை. வெட்டும் கருவி முதலில் உலோகத்தை அமுக்குகிறது. அமுங்கிய உலோகம் ஒரு பக்கமாக நகர்கிறது. பிறகுதான் பிரிகிறது. பிரியாமல் நகர்ந்து மட்டும் போன கொஞ்ச உலோகம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பிசிறு. அமெரிக்கப் பொறியாளர் கில்லெஸ்பி 1970களில் இதைப் பற்றி ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தார். நமக்குத் தெரிந்த காட்சிகளோடு அவற்றைச் சொல்கிறேன்.

1. பாய்சான் பர்: சப்பாத்தி மாவைக் கத்தி முதுகால் அமுக்கினால் இரு பக்கமும் பிதுங்கும் அல்லவா? அதைப் போலக் கருவியின் அழுத்தத்தால் பக்கவாட்டில் பிதுங்குவது.

2. ரோல் ஓவர் பர்: கருவி வேலையை முடித்து வெளியேறும் ஓரத்தில், கடைசித் துணுக்கு வெட்டுப்படாமல் மடிந்து சாய்வது. மில்லிங்கிலும் ஷேப்பரிலும் நாம் அதிகம் பார்ப்பது இதுதான்.

3. டேர் பர்: வெட்டுப்படாமல் கிழிந்து வருவது. தகட்டைப் பஞ்ச் செய்யும்போது வரும்.

4. கட் ஆஃப் பர்: மரக்கிளையை அறுக்கும்போது, முழுவதும் அறுபடும் முன்பே கிளை தன் கனத்தால் முறிந்து விழும். அடியில் ஒரு நார் தொங்கும். ஹாக்சாவில் கம்பி அறுத்தாலும் லேத்தில் பார்ட்டிங் செய்தாலும் இதே கதைதான்.

எல்லா உலோகத்திலும் ஒரே அளவு பிசிறு வராது. மைல்டு ஸ்டீல், அலுமினியம், செம்பு போன்று இழுபடும் தன்மையுள்ளவற்றில் அதிகம். வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மை உள்ளதால் பிசிறு குறைவு. ஆனால் அதன் ஓரம் பொடிந்து போகக்கூடும்.

டிரில்லிங்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். துளையின் மேல் பக்கம் வரும் பிசிறைவிட, டிரில் வெளியேறும் அடிப்பக்கத்துப் பிசிறு பெரியது. நம் கண் மேலே, பிசிறு கீழே. நான் தவறியதும் இப்படித்தான். தகட்டின் மேல் பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

சின்னப் பிசிறு என்ன செய்துவிடும்?

கை அறுபடுவதை முன்பே சொல்லிவிட்டேன். மற்றவற்றைப் பார்ப்போம்.

அளவு பொய்யாகும்: அடியில் 0.2 மில்லிமீட்டர் பிசிறு இருந்தால், சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்த ஜாப் அந்தப் பிசிறின் மேல் ஏறி நிற்கும். நாம் அளப்பது ஜாப்பையும் பிசிறையும் சேர்த்து. மிஷின் வைஸில் அப்படியே கட்டினால் ஜாப் சாய்ந்து, அடுத்து வெட்டும் பரப்பும் கோணலாகும். ஒரு வேலையின் பிசிறு அடுத்த வேலையைக் கெடுக்கிறது.

மோட்டார் சூடாகும்: கோயம்புத்தூர் பம்ப்செட் மோட்டார்கள் நமக்குத் தெரிந்தவை. அவற்றின் உள்ளே இருக்கும் ஸ்டாம்பிங் தகடுகள் ஒவ்வொன்றும் மின்காப்புப் பூச்சு உள்ளவை. சுழல் மின்னோட்ட இழப்பைக் குறைக்கத்தான் மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். பஞ்ச் மழுங்கி ஓரத்தில் பிசிறு எழுந்தால், அது பூச்சைத் துளைத்துப் பக்கத்துத் தகட்டைத் தொடும். தொட்டால் இழப்பு கூடி மோட்டார் சூடேறும்.

துரு பிடிக்கும்: கூரான ஓரத்தில் பெயின்ட் நிற்காது, மெலிந்துவிடும். ஜன்னல் கம்பி, கேட், பீரோ எதில் பார்த்தாலும் துரு முதலில் ஓரத்தில்தான் தொடங்கும்.

உடைந்து உள்ளே போகும்: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ஹைட்ராலிக் வால்வின் ஸ்பூலுக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறுக்கே சந்திக்கும் இரண்டு துளைகளின் உள்ளே நிற்கும் பிசிறு, ஒரு நாள் எண்ணெயின் வேகத்தில் உடைந்து போய் ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும்.

நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவியல் வளாகம் இருக்கிறது. திரவ எரிபொருள் எஞ்சின்களையும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் அங்கே சோதிக்கிறார்கள். கிரையோஜெனிக் எஞ்சினில் திரவ ஆக்சிஜன் பயன்படுகிறது. ஆக்சிஜன் செல்லும் குழாய்களில் ஓர் உலோகத் துகள் வேகமாகப் போய் மோதினால், அந்த மோதலிலேயே தீப்பற்றக்கூடும். அதனால்தான் ஆக்சிஜன் வேலைக்கான பாகங்களில் பிசிறே இருக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். பீடித் தகட்டுக்கும் ராக்கெட்டுக்கும் பொதுவான விதி இது.

வருமுன் காத்தல்

பிசிறை எடுப்பதைவிட வராமல் குறைப்பது லாபம்.

- டிரில், டூல், பஞ்ச் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கருவி வெட்டாது, அமுக்கும்.
- டிரில் அடியில் வெளியேறப் போகும் நேரத்தில் ஃபீடைக் குறைக்க வேண்டும். தகட்டின் அடியில் மரக்கட்டையோ கழிவுத் தகடோ தாங்கலாக வைத்தால் பிசிறு நன்றாகக் குறையும்.
- பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி, பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் சுமார் 5 முதல் 10 சதவீதம் என்று பாடத்தில் படிக்கிறோம். இடைவெளி அதிகமானால் தகடு உள்ளே இழுபட்டுப் பிசிறு பெரிதாகும்.
- வரையும்போதே ஓரத்துக்கு ஒரு சிறிய சாம்பர் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. எவர்சில்வர் டம்ளரின் வாயைப் பாருங்கள். வெட்டிய ஓரத்தை வெளிப்பக்கம் சுருட்டி மடித்திருப்பார்கள். கூரான ஓரம் உதட்டில் படாமல் மடிப்புக்குள்ளே போய்விடுகிறது. வாய்க்கு உறுதியும் கிடைக்கிறது.

கையால் எடுக்கும் முறை

நம் ஒர்க் ஷாப்பில் தினமும் செய்ய வேண்டியது இது. ஜாப்பை வைஸில் கட்டி, செகண்ட் கட் அல்லது ஸ்மூத் அரத்தை 45 டிகிரி சாய்த்து, ஓரத்தில் இரண்டு மூன்று தடவை முன்னோக்கித் தள்ளினால் போதும். பின்னால் இழுக்கும்போது அழுத்தக்கூடாது. ஓரம் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் உடைந்தால் பெரும்பாலான வேலைக்குச் சரி.

ஒரு பக்கம் அரம் போட்டால் மறுபக்கம் மெல்லிய புதுப் பிசிறு எழும்பும். ஆகவே கடைசியில் இரு பக்கமும் லேசாகத் தடவ வேண்டும். மென்மையான உலோகத் துகள் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டால் ஜாப்பில் கோடு விழும். அரத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் துகள் அவ்வளவாக ஒட்டாது. அடைத்ததை வயர் பிரஷ்ஷால் பல்லின் சாய்வோடு தேய்த்து எடுக்கலாம்.

துளையின் ஓரத்துக்குக் கவுன்டர்சிங்க் அல்லது துளையைவிடப் பெரிய டிரில்லைக் கையில் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். பிசிறு போனதா என்று விரலை ஓடவிட்டுப் பார்க்கக்கூடாது. நகத்தையோ, பருத்தித் துணியையோ ஓடவிட வேண்டும். பிசிறு இருந்தால் நூலைப் பிடித்துக்கொள்ளும்.

கைவேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கும்பகோணம் அருகே சுவாமிமலையைச் சொல்லலாம். மெழுகு வார்ப்பில் அங்கே பஞ்சலோகச் சிலைகள் செய்கிறார்கள். களிமண் அச்சை உடைத்ததும் வெளியே வருவது கரடுமுரடான வடிவம். உலோகம் ஊற்றிய வழிகளை வெட்டி, உளியால் செதுக்கி, அரத்தால் ராவி, தேய்த்து மெருகு ஏற்றிய பிறகுதான் சாமியின் முகம் தெளிகிறது.

சிற்றாறு சொல்லித்தரும் முறை

ஆயிரக்கணக்கில் சிறு பாகங்கள் வந்தால் ஒவ்வொன்றாக அரம் போட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை நாம் குற்றாலத்தில் பார்க்கலாம்.

குற்றாலம் பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். தண்ணீர் நேராகத் தரைக்கு வராமல், நடுவே பொங்குமாகடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து பொங்கி, அதன் பிறகு கீழே இறங்குகிறது. அப்படிப்பட்ட குழிகளிலும் ஆற்றின் போக்கிலும் கல்லும் மணலும் தண்ணீரோடு சேர்ந்து சுழன்று ஒன்றையொன்று உரசுகின்றன. மலையில் உடைந்த கல்லின் ஓரம் கத்தி போல இருக்கும். அதே கல் சிற்றாற்றில் உருண்டு தென்காசிப் பக்கம் வரும்போது கூழாங்கல் ஆகிவிடுகிறது. முதலில் தேய்வது மூலையும் ஓரமும்தான். காரணம், உரசலின் அழுத்தம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அதிகம்.

இதையே ஒரு பீப்பாய்க்குள் செய்தால் அதற்குப் பெயர் பேரல் டம்பளிங். பாகங்கள், உரசும் கற்கள், தண்ணீர், சோப்பு ஆகியவற்றைப் பாதி அல்லது சற்று மேலே நிரப்பி மெதுவாகச் சுற்றுவார்கள். மேல் அடுக்கு சரிந்து இறங்கும்போதுதான் உரசல் நடக்கிறது. வேகமாகச் சுற்றினால் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், உரசல் நடக்காது. அந்த எல்லை வேகம் நிமிடத்துக்கு 42.3 ÷ √விட்டம் சுற்றுகள். விட்டத்தை மீட்டரில் போட வேண்டும்.

நாங்கள் நான்கு பேர் இதைச் செய்து பார்த்தோம். 0.3 மீட்டர் விட்டமுள்ள மூடி போட்ட பழைய பெயின்ட் டப்பா. அதற்கு எல்லை வேகம் 42.3 ÷ 0.548, அதாவது சுமார் 77 சுற்று. நாங்கள் 30 சுற்று அளவில் கையாலேயே முறை போட்டு உருட்டினோம். உள்ளே 8 மில்லிமீட்டர் துளை போட்ட 40 சிறு தகடுகள், கட்டட வேலையில் மிஞ்சிய கூழாங்கல், தண்ணீர், சோப்புத்தூள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தோம். ஓரத்தில் நகம் மாட்டவில்லை. மகிழ்ச்சிதான், ஆனால் மூன்று பாடம் கிடைத்தது.

ஒன்று, ஏழு தகடுகளின் துளையில் கல் இறுகிக்கொண்டது. துளையின் அளவுக்குச் சமமான கல் கூடாது. தெளிவாகப் பெரியதோ, தெளிவாகச் சிறியதோ இருக்க வேண்டும். இரண்டு, டிரில் வெளியேறிய பக்கத்துத் தடித்த பிசிறு போகவில்லை, மடிந்து படுத்துக்கொண்டது. இம்முறை மெல்லிய பிசிறுக்கே ஏற்றது. மூன்று, அன்றைக்கே கழுவித் துடைத்து எண்ணெய் போடாமல் டப்பாவிலேயே விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் நாற்பதும் துரு.

ஆலைகளில் கூழாங்கல்லுக்குப் பதில் முக்கோணம், கூம்பு, உருளை வடிவில் செய்த செராமிக் அல்லது பிளாஸ்டிக் கற்கள் பயன்படுகின்றன. பீப்பாயைச் சுற்றுவதற்குப் பதில் தொட்டியையே அதிர வைக்கும் வைப்ரேட்டரி முறையில் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

கை எட்டாத இடங்களுக்கு

உள்ளே குறுக்குத் துளை இருக்கும் பாகங்களுக்குத் தனி முறைகள் உண்டு.

வெப்ப முறை: பாகங்களை மூடிய அறையில் வைத்து, எரிவாயுவும் ஆக்சிஜனும் செலுத்திப் பற்றவைப்பார்கள். கண் இமைக்கும் முன் தீ அணைந்துவிடும். மெல்லிய பிசிறு எரிந்துபோகும். தடித்த பாகம் அதற்குள் சூடேறாது. கற்பூரம் காட்டும்போது விரலை வேகமாக எடுத்தால் சுடாததைப் போல.

மின்வேதி முறை: பாகத்தை நேர்முனையாக்கி, உப்புக் கரைசல் வழியே மின்சாரம் செலுத்தினால், கருவிக்கு எதிரே இருக்கும் பிசிறு தொடாமலே கரையும்.

அப்ரேசிவ் ஃபுளோ முறை: உரசும் துகள் கலந்த, பிசைந்த மாவு போன்ற கெட்டிக் குழம்பைத் துளைகள் வழியே அழுத்தி முன்னும் பின்னும் தள்ளுவது.

வழவழப்பை எப்படி அளப்பது?

'நல்லா வழுவழுன்னு இருக்கு சார்' என்றால் மார்க் கிடைக்காது. எண் வேண்டும். பரப்பின் மேடுபள்ளங்களின் சராசரி விலக்கத்தை 'ஆர்.ஏ.' என்று மைக்ரானில் சொல்கிறோம். படத்தில் என்1 முதல் என்12 வரை தரம் உண்டு. என்1 என்றால் 0.025 மைக்ரான். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடி, என்6 என்றால் 0.8, என்7 என்றால் 1.6, என்8 என்றால் 3.2, கடைசியில் என்12 என்றால் 50. நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் அளவு புரியும்.

லேத்தில் வழவழப்பை முடிவு செய்வது ஃபீடும் டூல் மூக்கின் ஆரமும். மேடுபள்ளத்தின் உயரம் = ஃபீடின் வர்க்கம் ÷ (8 × மூக்கு ஆரம்). ஃபீட் 0.2, ஆரம் 0.8 மில்லிமீட்டர் என்றால், 0.04 ÷ 6.4 = 0.00625 மில்லிமீட்டர், அதாவது 6.25 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் 1.56 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் உயரம் கால்வாசி ஆகிறது. எமரி தாளை எடுக்கும் முன் ஃபீட் லீவரைப் பாருங்கள்.

படத்தில் ஓரத்துக்கும் குறியீடு உண்டு. ஐ.எஸ்.ஓ. 13715 என்ற தரத்தின்படி, வெளி ஓரத்துக்கு −0.3 என்று போட்டிருந்தால் அந்த அளவுக்குள் ஓரத்தை உடைக்க வேண்டும். கூட்டல் குறி இருந்தால் அவ்வளவு பிசிறு இருக்கலாம் என்று அனுமதி.

எல்லாமே வழவழப்பாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். நம் பாட்டிமார் இதை அறிவார்கள். அம்மி தேய்ந்து வழவழப்பானால் மசாலா அரைபடாது, வழுக்கும். அதனால்தான் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்கினார்கள். குற்றாலத்துப் பாறையில் கால் வழுக்குவதும் தேய்ந்த பரப்பினால்தான், பாசியும் சேர்ந்துகொள்கிறது. பேரிங் உட்காரும் இடத்துக்கு வழவழப்பு வேண்டும். பெயின்ட் பிடிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். தேவைக்கு மேல் மெருகு ஏற்றினால் நேரமும் காசும் வீண். ஆனால் பிசிறு எடுப்பது அப்படியல்ல. பரப்பு எப்படி இருந்தாலும் ஓரத்தில் பிசிறு நிற்கக்கூடாது.

கவனிக்க வேண்டிய பாதுகாப்பு

- பிடி இல்லாத அரத்தைத் தொடாதீர்கள். வால் முனை உள்ளங்கையில் ஏறிவிடும்.
- துகளைக் கையால் தள்ளாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். பிரஷ் பயன்படுத்துங்கள்.
- லேத்தில் எமரி தாளை விரலில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. சுழலும் மிஷின் பக்கத்தில் கையுறையும் கூடாது.
- கிரைண்டிங், பஃபிங் செய்யும்போது கண்ணாடி கட்டாயம்.

முடிவுரை

நண்பர்களே, பிராக்டிகல் தேர்வில் நேரம் முடியப் போகும் மணி அடித்ததும் நாம் முதலில் விட்டுவிடுவது பிசிறு எடுக்கும் வேலையைத்தான். அளவு வந்துவிட்டது, போதும் என்று நம்பர் பஞ்ச் அடித்துக் கொடுத்துவிடுகிறோம். நாளைக்கு வேலைக்குப் போனால் நாம் செய்த பாகத்தை எடுத்து மாட்டப்போகிறவர் நமக்கு முகம் தெரியாத ஒருவர். அவர் விரலும் எங்க அம்மா விரலைப் போல, வேலை செய்தால்தான் கூலி கிடைக்கும் விரலாக இருக்கும்.

எனவே ஒவ்வொரு ஜாப்பையும் கொடுக்கும் முன் மூன்றே கேள்வி கேட்டுக்கொள்வோம். மேல் ஓரம் பார்த்தாயிற்றா? அடி ஓரம் பார்த்தாயிற்றா? துளையின் உள்ளே பார்த்தாயிற்றா?

அந்தப் பழைய தகட்டைத்தான் ஓரம் உடைத்து, எமரி போட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை வைத்துத்தான் இலை வெட்டுகிறார்கள்.